ஒதுக்கி வைத்த செய்தி

இரண்டு வருஷமாக என் மனைவி ஒரு சொல்லை என்னிடம் சொல்வதில்லை. முன்பெல்லாம் ஒரு நாளைக்கு இருபது தடவையாவது சொல்வாள். 'ஒதுக்கி வை' என்பதுதான் அது. வெளுக்க வேண்டிய துணியை ஒதுக்கி வைங்க. மகள் டியூஷன் முடிஞ்சு வருவா, அவளுக்கு நாலு வடை ஒதுக்கி வைங்க. "ஒங்க பேச்சக் கொஞ்சம் ஒதுக்கி வச்சிட்டு வெங்காயத்த உரிங்க" என்பாள், நான் அடுப்படியில் நின்று அரசியல் பேசினால். இப்போது "அதத் தள்ளி வைங்க" என்கிறாள், இல்லாவிட்டால் அவளே செய்துவிடுகிறாள். அவள் அதை வேண்டுமென்று தவிர்க்கிறாளா என்று நான் கேட்டதில்லை. கேட்க எனக்குத் தைரியமில்லை.

எனக்குச் சம்பளம் தருவதும் அந்தச் சொல்தான். சுங்கைப் பட்டாணியில் ஒரு கிலாங்கில், அதாவது தொழிற்சாலையில், ஸ்டோர் வேலை. பெட்டிகள் வந்து இறங்கும். ஒன்றில் லேபிள் மாறியிருக்கும், ஒன்று மழையில் நனைந்திருக்கும், ஒன்றைப் பார்த்தாலே சரியாகப் படாது. அவற்றுக்குச் சிவப்பு டேப் ஒட்டித் தனி அலமாரியில் ஒதுக்கி வைத்துவிடுவேன். அந்தப் பெட்டி நல்லதென்றும் சொல்லவில்லை, கெட்டதென்றும் சொல்லவில்லை. மேலே இருப்பவன் வந்து முடிவு செய்யட்டும். பதினேழு வருஷமாக என் வேலையின் தந்திரம் அவ்வளவுதான். ஒதுக்கி வைத்த பெட்டிக்காக யாரும் என்னைத் திட்டியதில்லை. அவசரப்பட்டு உள்ளே விட்டவன்தான் திட்டு வாங்குவான். புதிதாக வேலைக்கு வருபவர்களிடம் இதை உபதேசம் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்வதில்லை.

மனிதர்களையும் ஒதுக்கி வைக்கலாம். என் மாமனார் செய்தார். அவர் திகாம் பத்துவில் இருந்த கத்தோலிக்கர். நாங்கள் இந்துக் கோயிலில் தாலி கட்டிக்கொண்டதும் மகளை இரண்டு வருஷம் ஒதுக்கி வைத்தார். பேச்சில்லை, போக்குவரத்தில்லை. பேத்தி பிறந்த மூன்றாம் நாள் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் "மாப்ள, காப்பி போடச் சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான் சமாதானம். அதற்குப் பிறகு அவரோடு பேசிய அளவுக்கு நான் என் அப்பாவிடம்கூடப் பேசியதில்லை.

ஒருநாள் பேச்சுவாக்கில் அவர்தான் இந்தச் சொல்லுக்கு இன்னொரு பக்கம் உண்டு என்று காட்டினார். "எங்க பைபிள்ல பரிசுத்தம் பரிசுத்தம்னு வருதுல்ல மாப்ள, அதுக்கு என்னா அர்த்தம்னு நெனைக்கிறீங்க? ஒதுக்கி வச்சதுன்னு அர்த்தம். ரொம்ப நல்லது, அழுக்கே இல்லாதது, அதெல்லாம் அப்புறம். ஒரு காரியத்துக்குன்னு ஒதுக்குனது, அதான். கோயில்ல பூசைக்கு வச்சிருக்கிற கிண்ணமும் கிண்ணந்தான். ஆனா அதுல மீ கோரேங் போட்டுத் திங்க மாட்டோம்லா." நான் சிரித்தேன். "அப்ப ஒங்க மகள ரெண்டு வருஷம் ஒதுக்கி வச்சீங்களே, அது எதுல சேத்தி?" என்று கேட்டேன். அவர் காப்பியை ஆற்றிக்கொண்டே, "அது கொழுப்புல சேத்தி" என்றார்.

எங்கள் மகளுக்கு நான்கு வயதில் வலிப்பு வந்தது. மருந்து எழுதிக் கொடுத்தார்கள், தவறாமல் கொடுத்தோம். அதோடு என் மனைவி, நான் பிறந்து வளர்ந்த மெர்போக் பக்கத்து எஸ்டேட் மாரியம்மனுக்கு, தொடர்ந்து மூன்று வருஷம் தீச்சட்டி எடுப்பதாக நேர்ந்துகொண்டாள். அவள் சர்ச்சில் ஞானஸ்நானம் வாங்கியவள். யாரும் அவளை வற்புறுத்தவில்லை. மருந்தையும் விடமாட்டாள், அம்மனையும் விடமாட்டாள், ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு பூசைக்குப் போவதையும் விடமாட்டாள். முதல் வருஷம் சட்டி எடுத்த பிறகு பிள்ளைக்கு வலிப்பு வரவேயில்லை. மாமனார் இதைக் கேள்விப்பட்டபோது கொஞ்ச நேரம் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு மகளிடம், "நேந்தாச்சுன்னா முடிச்சிடணும்மா. பாதியில விடக்கூடாது" என்றார்.

நான் சொல்லப் போவது மூன்றாவது வருஷம் நடந்தது. நடுவில் ஒரு வருஷம் தவறினால் மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ண வேண்டும் என்பது எங்கள் எஸ்டேட் வழக்கம். இந்த ஒரு சட்டியை இறக்கிவிட்டால் நேர்த்திக்கடன் முடிந்தது.

சட்டி எடுப்பவர்களுக்கு ஐந்து நாளைக்கு முன்னால் பூசாரி கையில் காப்புக் கட்டுவார். மஞ்சள் துண்டு கோத்த மஞ்சள் கயிறு. அது கையில் ஏறிவிட்டால் அந்த ஆள் மற்றவர்களோடு சேர்த்தியில்லை. தனிப் பாய், தனித் தட்டு, தனி அடுப்பு. எஸ்டேட் எல்லையைத் தாண்டக் கூடாது. சாவு வீட்டுப் பக்கம் போகக் கூடாது. சாவுச் செய்தி காதில் விழவும் கூடாது. விழுந்தால் தீட்டு, காப்பை அவிழ்த்துவிட வேண்டியதுதான். என் மனைவி அந்த ஐந்து நாளும் கோயிலுக்கு அடுத்த வரிசையில் இருக்கும் என் அக்கா வீட்டில் தங்குவாள். அக்காவுக்கு இந்த விஷயங்களில் பூசாரியைவிடக் கண்டிப்பு அதிகம். காப்புக் கட்டியவுடன் மனைவியின் கைப்பேசியை வாங்கி என் சட்டைப் பையில் போட்டாள். "அஞ்சு நாளைக்கு இது ஒங்கிட்டயே இருக்கட்டும் தம்பி. எந்தச் செய்தியா இருந்தாலும் ஒன்னத் தாண்டித்தான் அவகிட்ட போவணும்." என் மனைவி சிரித்துக்கொண்டே, "சார்ஜ் போட்டு வைங்க" என்றாள்.

ஐந்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிஷம். கோயில் பின்பக்கம் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தேன். பையில் கைப்பேசி அதிர்ந்தது. என் மைத்துனன், மனைவியின் தம்பி.

"மச்சான், அக்கா இல்லையா பக்கத்துல? அப்பாவுக்கு முடியல. விடிகாலையில நெஞ்சு வலின்னு சுங்கைப் பட்டாணி ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்தோம். டாக்டர் ஒன்னும் சரியாச் சொல்ல மாட்றாரு. அக்காவக் கேட்டுக்கிட்டே இருக்காரு."

"பேசுறாரா?"

"பேசுறாரு. மூச்சுதான் வாங்குது. நீங்க கூட்டிட்டு வாங்களேன்."

அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் காடியை எடுத்து ஓட்டினால் அரை மணி நேரம்கூட ஆகாது. சட்டி எடுப்பது பன்னிரண்டரைக்கு. இந்தக் கணக்கை அப்போதே நான் போட்டிருக்க வேண்டும், சின்னப் பிள்ளைகூடப் போட்டுவிடும். நான் போடவில்லை. முடியவில்லை என்ற சொல் காதில் விழுந்ததுமே என் மனசில் அது சாவுச் செய்தியாகிவிட்டது. காப்பு, எல்லை, தீட்டு, பிள்ளையின் வலிப்பு எல்லாம் ஒன்றாக வந்து மோதின. பயந்துவிட்டேன். அதை மறைப்பதில் அர்த்தமில்லை.

"மத்தியானம் கூட்டிட்டு வரேன்" என்றேன். அவன் "சரி மச்சான், முடிஞ்சா சீக்கிரம்" என்று வைத்துவிட்டான்.

அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "இப்ப சொல்லாத. சொன்னா அவ நிக்க மாட்டா, எல்லையத் தாண்டிப் போய்டுவா. மூணு வருஷம் வீணாப் போவும். பெரிய ஆஸ்பத்திரிலதான இருக்காரு, பாத்துக்குவாங்க. சட்டிய எறக்கினதும் நேரா கூட்டிட்டுப் போ." அக்கா கெட்டவள் இல்லை. என் மகளை இடுப்பிலிருந்து இறக்காமல் வளர்த்தவள். அவள் அப்படிச் சொன்னது எனக்கு வசதியாகவும் இருந்தது. முடிவு செய்தது நானல்ல, அக்கா என்று ஆகிவிட்டதல்லவா.

என் மனைவி கோயில் கொட்டகையில் தன் பாயில் உட்கார்ந்து வேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள். முப்பது அடி தூரம் இருக்கும். நான் அந்தப் பக்கமே போகாமல், ஏற்கெனவே கட்டிய வாழைமரத்தை அவிழ்த்து மறுபடி கட்டினேன்.

ஒன்பது மணிக்கு மறுபடி அதிர்ந்தது. எடுக்கவில்லை. நின்றுபோன கொஞ்ச நேரத்தில் ஒரு குரல் பதிவு வந்து விழுந்தது. மைத்துனன் எண்ணிலிருந்துதான், பதினெட்டு நொடி. அதைத் திறக்கவில்லை. திறந்தால் கேட்க வேண்டும், கேட்டால் சொல்ல வேண்டும். கைப்பேசியைப் பைக்குள் தள்ளினேன். பதினைந்து வருஷப் பழக்கம் ஒரே அசைவில் வேலை செய்தது.

திரும்பினால் கொட்டகையிலிருந்து என் மனைவி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு போன்ல?"

"கிலாங்ல இருந்து. ஸ்டோர் சாவி எங்கன்னு கேக்குறானுங்க."

"ஞாயித்துக்கெழமையிலயா?"

"ஓவர்டைம்லா."

அவள் தலையாட்டிவிட்டு வேப்பிலைக்குத் திரும்பினாள்.

பூசாரியிடம் கேட்கலாம் என்று இரண்டு தடவை கிட்டே போனேன். அவர் எங்கள் எஸ்டேட்காரர்தான், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், ஒன்றாகப் பந்து விளையாடியிருக்கிறோம். ஆனால் அன்றைக்கு முப்பது பேர் அவரைச் சுற்றி நின்றார்கள். சட்டிக்கு மண் பூசிக்கொண்டே ஆளாளுக்குத் திட்டிக்கொண்டிருந்தார். அதுகூட ஒரு சாக்குதான். காப்பை அவிழ்த்துவிடு என்று அவர் சொல்லிவிடுவாரோ என்பதுதான் என் பயம். ஒருமுறை அவரே நிமிர்ந்து, "என்னடா, ஒரு மாதிரி முழிக்கிற, என்னா வேணும்?" என்றார். "கற்பூரம் பத்துமான்னு கேக்க வந்தேன்" என்றேன்.

பதினொன்றே முக்காலுக்கு மூன்றாவது முறை அதிர்ந்தது. இந்தத் தடவை எடுத்தேன்.

"மச்சான்." அவன் மூச்சை இழுத்துக்கொண்டான். "அப்பா போய்ட்டாரு."

கூட்டத்தை விட்டுப் பந்தலுக்குப் பின்னால் போனேன்.

"அக்காகிட்ட சொல்லிட்டீங்களா, காலையில நான் சொன்னத?"

"சொல்றேன்."

"சொல்றேன்னா?" என்றான். உடனே அவன் வைத்துவிட்டான்.

இப்போதுதான் அது உண்மையாகவே சாவுச் செய்தி. அக்காவிடம் கண்ணால் சொன்னேன், அவளுக்குப் புரிந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கொட்டகைத் தூணோடு சாய்ந்துவிட்டாள். பிறகு என் கையைப் பிடித்து, "காதுல விழாத வரைக்கும் தீட்டு இல்ல தம்பி. சட்டி எறங்க இன்னும் ரெண்டு மணி நேரந்தான். நீ மூஞ்சிய நல்லா வச்சிக்க" என்றாள். அதற்குள் எஸ்டேட் எல்லை மரத்தடியில் சட்டிகளுக்கு நெருப்புப் போட்டுவிட்டார்கள். உறுமி தொடங்கிவிட்டது.

மரத்தடியில் என் மனைவி மஞ்சள் புடவையில் ஈரத்தலையோடு நின்றாள். ஐந்து நாள் விரதத்தில் முகம் சின்னதாகியிருந்தது, ஆனால் சந்தோஷமாக இருந்தாள். கடைசி வருஷம் அல்லவா. கையில் வேப்பிலையைச் சுற்றிக்கொண்டே என்னிடம் மெதுவாகச் சொன்னாள். "பிள்ளைக்கு வேண்டுனது முடிஞ்சிடும் இன்னியோட. அப்பாவுக்கும் சேத்து வேண்டிக்கப் போறேன். போன வாரம் பாத்தப்ப மூச்சு வாங்குனாரு."

"வேண்டிக்க" என்றேன். என் வாயிலிருந்து அந்த ஒரு சொல் எப்படி வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

நெருப்புச் சட்டியைக் கையில் வாங்கினாள். மரத்தடியிலிருந்து கோயிலுக்கு அரை மைல் தார்ச்சாலை. வழியெங்கும் வீட்டுக்காரர்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். நான் அவள் பக்கத்தில் தண்ணீர் வாளியோடு நடந்தேன். அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. யாருக்காக வேண்டுகிறாள் என்று எனக்குத் தெரியும், யார் இல்லை என்றும் தெரியும். ஒரு இடத்தில் நெருப்பு காற்றில் சாய்ந்து அவள் முகத்துக்கு வந்தது. அவள் முகம் சுளிக்கவில்லை. நான்தான் கால் தடுக்கி வாளியைக் கொட்டினேன்.

ஒன்றரைக்குச் சட்டி இறங்கியது. அவள் கால் கழுவக் குழாயடிக்குப் போனாள். அக்கா, "மொதல்ல அவ ஒரு வாய் மோராவது குடிக்கட்டும்" என்றாள். நான் காத்திருக்கவில்லை. நேராகப் பூசாரியிடம் போனேன். காப்பு அவிழ்ப்பது மறுநாள்தான், ஆனால் இவளுக்கு இப்போதே அவிழ்க்க வேண்டும் என்றேன். காரணத்தையும் சொன்னேன்.

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "எப்ப செய்தி வந்துச்சு?"

"பதினொன்னே முக்காலுக்கு."

"திடீர்னா?"

"இல்ல. காலையில ஏழு மணிக்கு முடியலன்னு சொன்னாங்க. அவளக் கேட்டுக்கிட்டு இருக்காருன்னு."

பூசாரி என்னையே பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன், அவர் குரல் இறங்கித்தான் வந்தது. "ஏன்டா எங்கிட்ட சொல்லல? உசுரோட இருக்கிறவரப் பாக்கப் போறதுல என்னடா தீட்டு? எல்ல தாண்டணும்னா ஒரு எலுமிச்சங்காய மடியில கட்டி அனுப்பியிருப்பேன்லா. ஆத்தா பேரச் சொல்லிப் போய்ட்டு, பொழுதோட திரும்பி வந்திருப்பா. போன வருஷம்கூட ஒரு பிள்ளைய அப்படித்தான் பிரசவ ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். காப்பு கட்டுறது அவளச் சாமிக்கு ஒதுக்குறதுக்குடா. அப்பன்கிட்டருந்து ஒதுக்குறதுக்கா?"

ஒரு எலுமிச்சங்காய். பந்தலில் கூடை கூடையாக இருந்தது.

"யாரப் பாக்கப் போறதுக்கு?"

என் மனைவி என் பின்னால் நின்றாள். காலில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கேள்வி பூசாரிக்கா எனக்கா என்று தெரியவில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் சொன்னேன். ஏழு மணியிலிருந்து வரிசையாக, ஒன்றையும் விடாமல் சொன்னேன். அவள் அழுவாள், அடிப்பாள், உட்கார்ந்துவிடுவாள் என்று கையை நீட்டித் தயாராக இருந்தேன். அவள் பூசாரியிடம் இடது கையை நீட்டினாள். அவர் காப்பை அவிழ்த்துச் சூலத்தில் கட்டினார். அக்கா மோரோடு வந்தாள். என் மனைவி வாங்கவில்லை.

புடவைகூட மாற்றாமல் காடியில் ஏறினாள். மகளை அக்காவிடம் விட்டுவிட்டோம். எஸ்டேட் வாசலைத் தாண்டி மெயின் ரோட்டுக்கு வந்ததும் உள்ளங்கையை நீட்டினாள். கைப்பேசியைக் கொடுத்தேன். 7.10 அழைப்பு, 9.00 தவறிய அழைப்பு, 11.45 அழைப்பு. எல்லாவற்றையும் விரலால் மெதுவாகத் தள்ளிப் பார்த்தாள். பிறகு அந்தக் குரல் பதிவு. இன்னும் திறக்கப்படாமல் இருந்தது.

அழுத்தினாள். முதலில் ஏதோ இயந்திரத்தின் சத்தம், மூச்சிரைப்பு. பிறகு மாமனாரின் குரல். அவர் குரல்தான், காற்று மட்டும் அதிகம்.

"அம்மாடி... சட்டி மத்தியானந்தான? அதுக்குள்ள வந்து ஒருக்கா மூஞ்சியக் காட்டிட்டுப் போயிடு. மாப்ளகிட்ட சொல்லு... அவரு கூட்டிட்டு வந்துருவாரு."

அவர் போட்டிருந்தார் அந்தக் கணக்கை. மூச்சு முட்டிக்கொண்டு கட்டிலில் கிடந்தபடி, மகளின் நேர்த்தியும் கெடாமல், தன் ஆசையும் கெடாமல், நேரத்தைச் சரியாகப் போட்டிருந்தார். அதில் அவர் சந்தேகமே இல்லாமல் நம்பிய ஒரே ஆள் நான்.

அவள் இரண்டாவது தடவை கேட்கவில்லை. கைப்பேசியை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"இத நீங்க கேக்கலயா?"

"இல்ல."

"ஒம்போது மணிக்கு வந்திருக்கு."

"ஆமா."

ஒரு பாலம் போயிற்று, செம்பனைத் தோட்டம் போயிற்று, ஒரு பெட்ரோல் ஸ்டேஷன் போயிற்று. அவளிடமிருந்து புகையும் வேப்பிலையும் கலந்த வாடை வந்துகொண்டிருந்தது. மன்னிப்புக் கேட்க இரண்டு தடவை வாயைத் திறந்தேன். என்ன சொன்னாலும் அது எனக்காகச் சொல்வதாகத்தான் இருக்கும் என்று பட்டது.

"காடிய ஓரமா நிறுத்துங்க" என்றாள்.

நிறுத்தினேன். குமட்டுகிறதோ என்று தண்ணீர்ப் போத்தலை எடுத்தேன். அவள் இறங்கி, முன்கதவைச் சாத்தி, பின்கதவைத் திறந்து ஏறி, என் இருக்கைக்கு நேர் பின்னால் உட்கார்ந்தாள். கண்ணாடியில் எப்படிப் பார்த்தாலும் முகம் தெரியாத இடம் அது.

"இப்ப ஓட்டுங்க" என்றாள்.